காட்டைக் காக்கப் பணம் தருகிறார்கள். இதில் அநியாயம் எங்கே?

வந்திருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். விமான டிக்கெட் எடுத்து முடிக்கும் நேரத்தில், இன்னும் சில நூறு ரூபாய் சேர்த்துச் செலுத்தினால் உங்கள் பயணப் புகைக்கு ஈடாக ஒரு மழைக்காடு காக்கப்படும் என்று திரையில் வருகிறது. நல்ல காரியம்தானே என்று செலுத்தப் போனவரை, இந்தத் திட்டங்கள் பழங்குடிகளுக்கு அநீதி செய்கின்றன என்று நண்பர் ஒருவர் தடுத்திருக்கிறார். மரத்தை வெட்டாமல் விடுவதற்குப் பணம் கொடுப்பதில் யாருக்கு என்ன அநீதி நேர்ந்துவிடும் என்பது கேள்வி.

நண்பர் சொன்னது பெரும்பாலும் சரி. வழக்கமாகச் சொல்லப்படும் குறை, பணம் அந்த மக்களுக்குப் போய்ச் சேருவதில்லை என்பது. அது உண்மையான குறை. ஆனால் மனம் இருந்தால் சரிசெய்துவிடக்கூடியது. பங்கைக் கூட்டிக் கொடுத்தால் தீர்ந்தது. இத்தகைய திட்ட ஆவணங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துவருபவன் என்ற முறையில் என்னை உறுத்துவது அதற்கும் முன்னால் இருக்கும் ஓரிடம். பணம் வருவதற்கு முன்பே, கணக்கு எழுதும்போதே, அநியாயம் தொடங்கிவிடுகிறது.

எப்படி என்று பார்ப்போம். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காடழிப்பால் வருகிறது. எனவே காட்டை அழிக்காமல் இருக்கும் ஏழை நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் பணம் தரட்டும் என்று 2005ஆம் ஆண்டு மான்ட்ரியல் காலநிலை மாநாட்டில் பப்புவா நியூ கினியாவும் கோஸ்டா ரிகாவும் முன்மொழிந்தன. அது வளர்ந்து ‘ரெட் பிளஸ்’ என்ற பெயரில் ஐ.நா. ஏற்பாடு ஆனது. அதன் அருகிலேயே தனியார் சந்தை ஒன்றும் முளைத்தது. அங்கே விற்கப்படும் சரக்கின் பெயர் கார்பன் கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வெளியேறாமல் தடுக்கப்பட்ட ஒரு டன் கரியமில வாயு.

‘தடுக்கப்பட்ட’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நடக்காத ஒன்றை விற்க வேண்டுமானால், நாம் தலையிடாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று முதலில் எழுதியாக வேண்டும். இத்தனை ஹெக்டேர் அழிந்திருக்கும், இத்தனை டன் வெளியேறியிருக்கும் என்று ஓர் எதிர்காலத்தைக் கற்பனை செய்து, அதிலிருந்து உண்மையில் நடந்ததைக் கழித்தால் மிச்சம் வருவது கிரெடிட். இந்தக் கற்பனைக்கு ஒரு வில்லன் தேவை. ஒவ்வொரு திட்ட ஆவணத்திலும் காட்டை அழிக்கக்கூடியவர்கள் யார் என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே மரக் கம்பெனியும் ரப்பர்த் தோட்ட முதலாளியும் இருப்பதுண்டு. ஆனால் எந்த நாட்டு ஆவணத்தைப் புரட்டினாலும் தவறாமல் இருப்பவர்கள் விறகு பொறுக்குபவர்கள், மாடு மேய்ப்பவர்கள், காட்டைச் சிறிதளவு வெட்டி எரித்து ஓரிரு ஆண்டு விதைத்துவிட்டு வேறிடம் போகும் மலைவாசிகள். கடைசியாகச் சொன்ன சாகுபடி நமக்குப் புதிதன்று. இலங்கையில் சேனை என்பார்கள்; நம் பழம்பாடல்களில் அதற்குப் புனம் என்று பெயர். வள்ளி பரண்மேல் நின்று கிளி ஓட்டிய தினைப்புனம் அதுதான். இன்றைய ஆவணம் ஒன்றில் வள்ளிக்கு இடம் கிடைத்தால் ‘காடழிப்புக்குக் காரணமானோர்’ பட்டியலில்தான் கிடைக்கும்.

வேடிக்கையாகச் சொன்னாலும், நிஜத்தில் இது எப்படி முடிகிறது என்பதற்குக் கம்போடியாவுக்குப் போக வேண்டும்.

அந்நாட்டின் தென்மேற்கில் ஏலமலைத்தொடர் இருக்கிறது. நம் ஏலமலையைப் போலவே அதற்கும் ஏலக்காயால் வந்த பெயர். அங்கே வாழும் சோங் என்ற பழங்குடியினர் ஒரு காலத்தில் அரசனுக்கு ஏலக்காயையே திறையாகக் கட்டியவர்கள். இன்றும் அம்மலை மக்கள் காட்டு மரத்திலிருந்து பிசின் எடுக்கிறார்கள். நம் பூஜையறைக் குங்கிலியத்துக்கு உறவான பிசின் அது. இடம் மாற்றி மாற்றிப் புனமும் விதைக்கிறார்கள். இந்த மலையின் தென்பகுதியில் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஹெக்டேரில் ஒரு ரெட் பிளஸ் திட்டம் நடக்கிறது. நடத்துபவர்கள் கம்போடியச் சுற்றுச்சூழல் அமைச்சகமும் வைல்ட்லைஃப் அலயன்ஸ் என்ற தொண்டு நிறுவனமும்.

ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2024 பிப்ரவரியில் இத்திட்டம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் என் கண்ணில் முதலில் பட்டது ஓர் எண்: 31 மாதங்கள். 2015 ஜனவரியிலிருந்து காட்டின் கார்பன் கணக்கில் ஏறத் தொடங்கிவிட்டது. அந்தக் காட்டில் குடியிருக்கும் சோங் மக்களிடம் இப்படியொரு திட்டம் இருக்கிறது, உங்களுக்குச் சம்மதமா என்று பேச்செடுத்தது 2017 ஆகஸ்டில். இடைப்பட்ட காலத்தில், 2016இல், அவர்களுடைய ஊர்களையும் விளைநிலங்களையும் உள்ளடக்கி நான்கு லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட தேசியப் பூங்கா ஒன்றும் அறிவிக்கப்பட்டுவிட்டது. சொந்த நிலத்தில் பயிர் செய்தவர்கள் வெளியேற்றப்பட்டதையும், காட்டுப் பொருள் சேகரிக்கப் போனவர்கள் பிடித்து வைக்கப்பட்டதையும், சிலர் மீது குற்றவழக்குப் பாய்ந்ததையும் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. தொண்டு நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. திட்டத்தால் கிணறுகளும், கல்வி உதவித்தொகையும், சுற்றுலா வருமானமும் வந்திருக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. கிரெடிட்டுகளுக்குச் சான்று தரும் வெர்ரா என்ற அமைப்பு 2023 ஜூனில் திட்டத்தை நிறுத்தி வைத்து, 2024 செப்டம்பரில் மீண்டும் அனுமதித்துவிட்டது.

இன்னொரு செய்தியையும் சேர்த்துப் படித்தால்தான் இதன் உறைப்பு தெரியும். அதே மலையில் அரெங் என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே அணை கட்டிக் காட்டையும் ஊரையும் மூழ்கடிக்க ஒரு திட்டம் வந்தது. சோங் மக்கள் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். புத்த பிக்குகள் நடந்தே வந்து பெரிய மரங்களுக்குக் காவித் துணி சுற்றிவிட்டுப் போனார்கள். துறவி ஆடை கட்டிய மரத்தை வெட்டினால் பாவம் என்பது அங்குள்ள நம்பிக்கை. போராட்டம் வலுத்து, 2015 பிப்ரவரியில் பிரதமர் அந்த அணையைத் தள்ளிவைப்பதாக அறிவித்தார். தேதியைக் கவனியுங்கள். அந்த ஆண்டு ஜனவரியில் கார்பன் கணக்கு தொடங்கியிருந்தது. அணையை மறித்தவர்களின் காட்டில் டன் டன்னாகக் கிரெடிட் ஏறிக்கொண்டிருந்தது; மறித்தவர்களுக்கு அது தெரியாது. காத்தவன் பெயர் கணக்கில் இல்லை, புனம் போட்டவன் பெயர் மட்டும் இருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

கற்பனைக் கணக்கில் இன்னொரு ஆபத்து: வில்லனை எவ்வளவு பெரியவனாக எழுதுகிறோமோ அவ்வளவு கிரெடிட் கிடைக்கும். ஜிம்பாப்வேயின் கரிபா திட்டம் இதற்குப் பேர் பெற்றது. ஏழே முக்கால் லட்சம் ஹெக்டேருக்கு மேல். பன்னாட்டுக் கம்பெனிகள் கோடிக்கணக்கில் வாங்கிய கிரெடிட். முன்கணித்த அளவு அழிவு நேர்ந்திருக்கவே வாய்ப்பில்லை என்பது அம்பலமாகி, விற்றுக்கொடுத்த சௌத் போல் நிறுவனம் 2023 அக்டோபரில் கைகழுவிவிட்டது. அதே ஆண்டு ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்த கட்டுரை ஆறு நாடுகளின் 26 திட்டங்களை எடுத்து, அவற்றைப் போன்ற வேறு காடுகளோடு ஒப்பிட்டது. கிரெடிட்டுகளில் உண்மையான கார்பன் குறைப்பு என்று ஒப்புக்கொள்ளத் தக்கவை சுமார் 6 சதவீதம்தான் தேறின. வாங்கியவர் ஏமாந்தார் என்று செய்தித்தாள்கள் எழுதின. வாங்கியவர் பணத்தைத்தான் இழந்தார். செய்யாத, செய்யவும் போகாத அழிவுக்குக் குற்றவாளியாக எழுதப்பட்டவர் காட்டுக்குள் இருக்கும் சம்சாரி. அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, காட்டை ஒருபோதும் அழிக்காதவர்களுக்கு இந்தக் கணக்கில் என்ன கிடைக்கும்? அழிவே இல்லாவிட்டால் கழிக்க எதுவும் இல்லை, கிரெடிட்டும் இல்லை. தென்னமெரிக்காவின் கயானா இந்த முட்டுச்சந்தில்தான் நின்றது. நாட்டின் ஏறத்தாழ 85 சதவீதம் காடு, காடழிப்பு மிக மிகக் குறைவு. ஒழுங்காக இருந்ததற்குத் தண்டனையா என்று அந்நாடு விடாமல் கேட்டு, காடு அதிகமாகவும் அழிவு குறைவாகவும் உள்ள நாடுகளுக்கென ஒரு தனி வாய்ப்பாட்டைப் பெற்றது. முழு நாட்டையும் ஒரே திட்டமாக்கிக் கிரெடிட் எடுத்தார்கள். 2022 டிசம்பரில் 3 கோடியே 75 லட்சம் கிரெடிட்டுகளைப் பத்தாண்டு காலத்தில் குறைந்தது 75 கோடி டாலருக்கு வாங்க ஒரு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. நிறுவனத்தின் பெயர் ஹெஸ். அப்போது கயானாக் கடலில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த கூட்டாளிகளில் ஒருவர். கடலில் தோண்டியதும் அவர், கரையில் காட்டுக்குப் பணம் கட்ட வந்ததும் அவர். இதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பங்கீட்டுக்கு வருவோம், ஏனென்றால் கயானாவில் அது சுவாரசியமான சிக்கல். வருவாயில் 15 சதவீதம் பழங்குடிக் கிராமங்களுக்கு, மீதி அரசுக்கு என்று தொடக்கத்தில் வகுத்தார்கள். பதினைந்து குறைவா, நிறைவா? பழங்குடியினர் மக்கள்தொகையில் சுமார் 10 சதவீதம். தலைக்கணக்கில் பார்த்தால் தாராளம். ஆனால் பல தலைமுறையாக உள்நாட்டுக் காட்டுக்குள் வாழ்ந்து அதைக் கெடாமல் வைத்திருந்தவர்கள் யார் என்று கேட்டால் 15 மிகச் சொற்பம். பட்டா பெற்ற நிலம் எவ்வளவு என்று மூன்றாவதாக ஒரு கணக்குப் போடலாம்; ஆனால் பல கிராமங்கள் தங்களுக்குரிய நிலம் முழுவதற்கும் இன்னும் பட்டா கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. பட்டா கொடுக்க வேண்டிய அரசே கிரெடிட்டையும் விற்கிறது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான பங்கு என்ன என்பதற்கு ஒரே விடை கிடையாது. தலையா, நிலமா, காத்த வரலாறா என்று அளவுகோலைத் தேர்ந்தெடுப்பவர் யாரோ அவர் விடையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

சம்மதமும் அங்கே தகராறுதான். கிராமத் தலைவர்களின் தேசிய மன்றம் ஒப்புதல் தந்துவிட்டது என்கிறது அரசு. மன்றத்தின் ஒப்புதல் எங்கள் ஊரின் ஒப்புதலாகாது, ஊர் ஊராகக் கேட்டிருக்க வேண்டும் என்று அமெரிந்தியன் மக்கள் சங்கம் 2023இல் சான்றளிக்கும் அமைப்பிடம் புகார் கொடுத்தது. புகார் தள்ளுபடியானது. விதிப்புத்தகங்களில் ஒரு நீண்ட தொடர் இருக்கும்: முன்கூட்டியே, விவரம் அறிந்து, நிர்ப்பந்தம் இல்லாமல் தரும் சம்மதம். 2010ஆம் ஆண்டு கான்குன் மாநாட்டுக் காப்பு விதிகளும் பழங்குடி உரிமைக்கு மதிப்பு, முழுமையான பங்கேற்பு என்றெல்லாம் பேசுகின்றன. சம்மதத்துக்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது: ‘வேண்டாம்’ என்றால் திட்டம் நிற்குமா? ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அது சம்மதம் கேட்டல். மற்றதெல்லாம் தகவல் தெரிவித்தல், அதுவும் டீயும் பிஸ்கெட்டும் கொடுத்து.

அப்படியானால் ஒழுங்காக நடந்த திட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இந்தியாவிலேயே ஒன்று இருக்கிறது. மேகாலயத்தில், ஷில்லாங்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் மாவ்ப்லாங். அங்குள்ள புனிதக் காட்டை நம் ஊர்க் கோயில்காட்டோடு ஒப்பிடலாம். 80 ஹெக்டேருக்கும் குறைவு. உள்ளே போகலாம், ஆனால் உதிர்ந்த இலையைக்கூட வெளியே எடுத்துவரக் கூடாது. கூட்டிப்போகும் வழிகாட்டி வெளியே வரும் முன் உங்கள் பையில் விதையோ சுள்ளியோ இருக்கிறதா என்று கேட்பார். வெளியே நிற்கும் புல்மேட்டையும் உள்ளே இருக்கும் இருளையும் பார்த்தால், மீதிக் காடு என்னவாயிற்று என்று தோன்றும். கரி சுடவும், கல் உடைக்கவும், விறகுக்கும், காட்டுத்தீக்கும் போய்விட்டது.

அந்த மீதிக் காட்டைத்தான் 2010ஆம் ஆண்டையொட்டி அங்குள்ள காசி என்ற பழங்குடி மக்களே கையில் எடுத்தார்கள். ஹிமா எனப்படும் பத்துப் பாரம்பரிய ஆட்சிப் பகுதிகள், 62 கிராமங்கள், ஏறத்தாழ 27 ஆயிரம் ஹெக்டேர். எல்லாம் உமியம் ஆற்றின் நீர்ப்பிடிப்பு. ஹிமாக்கள் சேர்ந்து ஒரு சங்கம் பதிவு செய்தன. கிரெடிட்டை விற்பது அந்தச் சங்கம். கோடையில் தீத்தடுப்புப் பாதை வெட்டுவதும், வெட்டுண்ட அடிமரங்கள் தாமாகத் துளிர்க்கும்படி மேய்ச்சலை நிறுத்திவைப்பதும், விறகு குறைவாகக் குடிக்கும் அடுப்பு கொடுப்பதும்தான் வேலை. பிரமாதமாக ஒன்றுமில்லை. வருவாயும் பெரிதில்லை. ஆனால் கூப்பிட்டுப் பேச வேண்டிய ‘உள்ளூர் மக்கள்’ என்று அங்கே தனியாக யாரும் கிடையாது, ஏனென்றால் அவர்களே உரிமையாளர்கள். மேகாலயத்தில் காட்டின் பெரும்பகுதி வனத்துறையிடம் இல்லை. அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைப்படி ஊருக்கும் குலத்துக்கும் உரியது. நல்ல எண்ணத்தைவிட இந்தச் சட்ட நிலைதான் மாவ்ப்லாங்கைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

அங்கும் எல்லாம் பொன்னில்லை. காசி சமூகத்தில் வழியுரிமை தாய்வழி; குடும்பச் சொத்து கடைசி மகளுக்கு. ஆனால் முடிவெடுக்கும் ஊர்ச் சபையான தொர்பாரில் பெண்களுக்கு மரபாக இடம் கிடையாது. விறகு சுமக்கும் தலைக்கு அதைப் பற்றிப் பேசும் வாய் இல்லை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் வந்த பிறகு ஓரளவு மாறியிருக்கிறது. ‘சமூகத்தின் சம்மதம்’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம், சமூகத்தில் யாருடையது என்று அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவது நல்லது.

நாட்டின் மற்றப் பகுதிகளில் காட்டில் நிற்கும் கார்பன் யாருடையது? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கில், பிரம்பு, தேன், மெழுகு, அரக்கு, பீடி இலை, மூலிகை, கிழங்கு என்று சிறு வன மகசூல்களைப் பெயர் சொல்லிக் கிராமத்துக்குத் தருகிறது. கார்பன் அந்தப் பட்டியலில் இல்லை. அதே சட்டம் சமூக வனத்தைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. காப்பதன் விளைச்சல் காப்பவருக்கு என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் உரிமை முதலில் கைக்கு வர வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவால் பட்டா வழங்கல் முடங்கிக் கிடந்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது 2016இல். எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளில் ஒரு கார்பன் திட்டம் வந்திருந்தால் மலைவாசி எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

கார்பன் என்ற பெயர் இல்லாமலே இதே கணக்கு நம் ஊரில் நடப்பதும் உண்டு. சுரங்கத்துக்கும் அணைக்கும் காட்டைக் கொடுத்துவிட்டு, ஈடாகப் பணம் வாங்கி வேறிடத்தில் மரம் நடும் காம்பா நிதி இருக்கிறதல்லவா? 2019 ஆகஸ்டில் மட்டும் 47 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. நட எங்கே இடம் என்று தேடும்போது கண்ணில் படுவது பழங்குடிகள் உரிமை கோரி மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் மேய்ச்சல் வெளியும் புனமும்தான். தேக்கோ தைலமரமோ அங்கே வரிசையாக நின்றுவிட்டால் காகிதத்தில் அது காடு. சுள்ளி பொறுக்கப் போகிறவர் அத்துமீறி நுழைபவர்.

உரிமை இருந்தால் மட்டும் போதும் என்றும் எழுதிவிட முடியாது. பிரேசிலின் சுருயி மக்கள் தங்கள் தலைவர் அல்மிர் சுருயியின் முயற்சியால், பழங்குடிகளே நடத்தும் கார்பன் திட்டம் ஒன்றைத் தொடங்கி 2013இல் முதல் கிரெடிட்டுகளை விற்றார்கள். காட்டுக்குள் சட்டவிரோத வைரச் சுரங்கமும் மரக்கடத்தலும் புகுந்தன, ஊருக்குள் பிளவு வந்தது. 2018இல் திட்டம் நின்றது. டன்னுக்குச் சில டாலர் தரும் காற்றும், கையில் ரொக்கம் தரும் வைரமும் போட்டியிட்டால் எது வெல்லும் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி உங்கள் டிக்கெட் திரை. பணம் செலுத்தும் முன் திட்டத்தின் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் அதன் ஆவணம் பெரும்பாலும் இணையத்தில் பொதுவில் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருந்தாலும் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்: நிலம் யார் பெயரில் இருக்கிறது; காடழிப்புக்குக் காரணமானவர்கள் என்று யாரை எழுதியிருக்கிறார்கள்; கிரெடிட் கணக்கு தொடங்கிய தேதிக்கும் ஊர்க்கூட்டம் நடந்த தேதிக்கும் எத்தனை மாத இடைவெளி. ஊர்க்கூட்டம் பிந்தியது என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். திரையில் பெயரே இல்லாமல் பச்சை இலைப் படம் மட்டும் இருந்தால், அந்தக் கட்டத்தில் டிக் போடாமல் டிக்கெட்டை மட்டும் எடுங்கள்.